மலை மேல் ஒரு குடித்தனம்

தினமும் ஒரு பிடி அரிசி, சனிக்கிழமை மலைச் சிகரம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம்! மிசோரம் இளம் தம்பதிகள் வாழும் விதம்

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மிசோரம். ஒரு பக்கம் பர்மா (இன்றைய மியான்மர்). மறு பக்கம் பங்களாதேஷ். நடுவில் அலை அலையாக மலைகள். அந்த மலைகளில் ஒன்றின் முதுகில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,700 அடி உயரத்தில், ஐஸ்வால் நகரம் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் மிசோரத்தின் தலைநகரம்.

அங்கே வீடுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தெருவில் நின்று பார்த்தால் ஒரு மாடி வீடு. பின்பக்கம் போய்ப் பார்த்தால் நான்கு மாடி வீடு! வாசல் உச்சியில் இருக்கிறது. மற்ற மாடிகள் மலைச்சரிவில் கீழே இறங்குகின்றன. நம் ஊரில் படி ஏறி மாடிக்குப் போவோம். அங்கே படி இறங்கி அடுப்பங்கரைக்குப் போவார்கள்!

இப்படிப்பட்ட ஒரு வீட்டில், ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கும் ஓர் இளம் தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு வயதுக் கைக்குழந்தை உண்டு. இவர்கள் எந்தக் குறிப்பிட்ட வீட்டாரும் அல்லர். ஐஸ்வாலில் தெருவுக்குத் தெரு இப்படிப்பட்ட தம்பதிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தால், அந்த மலைநாட்டின் வாழ்க்கையே தெரிந்துவிடும்.

பெயரில் ஒரு விசேஷம்

மிசோரம் மக்களில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். இது 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு. மிசோ மக்களிடையே சாதி கிடையாது. குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை.

ஆனால் பெயரைக் கேட்ட உடனே ஆணா, பெண்ணா என்று சொல்லிவிடலாம். ஆண் பெயர் 'ஆ' என்ற ஒலியில் முடியும். பெண் பெயர் 'ஈ' என்ற ஒலியில் முடியும். அண்ணன் லால்தங்கா என்றால், தங்கை லால்தங்கி!

இன்னொரு வழக்கமும் நமக்குப் புதுமையாக இருக்கும். பழைய மிசோ வழக்கப்படி தந்தையின் வீடு கடைசி மகனுக்கே சேரும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவனுடையதே. மூத்த பிள்ளைகள் கல்யாணம் ஆனதும் தனிக்குடித்தனம் போய்விடுவார்கள். நம்முடைய குமாஸ்தா மூத்த மகன். அதனால்தான் இந்த வாடகை வீடு.

பொழுது விடிகிறது

மலைநாட்டில் பொழுது சீக்கிரம் விடிகிறது. கணவன் எழுந்ததும் முதல் வேலை தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது.

மிசோரத்தில் மழைக்குக் குறைவே இல்லை. ஆண்டுக்கு 200 சென்டி மீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஆனாலும் என்ன பயன்? பெய்த மழை அவ்வளவும் சரிவில் உருண்டு பள்ளத்தாக்குக்கு ஓடிவிடுகிறது. பனிக்காலத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். நகரத்துக்கு வேண்டிய தண்ணீரை, ஆயிரக்கணக்கான அடி கீழே ஓடும் த்லாங் ஆற்றிலிருந்து இயந்திரம் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். அதனால் வீட்டுக்கு வீடு தகரக் கூரையின் விளிம்பில் குழாய் வைத்து, மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள். மழைக்காலத்தில் சேர்த்ததைப் பனிக்காலத்தில் சிக்கனமாகச் செலவிடுகிறார்கள்.

மனைவி உலை வைக்கிறாள். அங்கே காலையிலேயே சோறுதான். அலுவலகம் போவதற்கு முன்பு வயிறு நிறையச் சாப்பிட்டு விடுவார்கள். நடுப்பகலில் தேநீரும் பலகாரமும். பொழுது சாயும் நேரத்தில் மறுபடியும் சோறு. இரண்டு வேளைச் சோறு. நடுவில் ஒரு தேநீர்! இதுதான் கணக்கு.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள 'பாய்'. படுக்கும் பாய் அல்ல! கீரையையும் காய்கறியையும் எண்ணெய் இல்லாமல் வேகவைத்த குழம்பு அது. பதப்படுத்திய பன்றிக் கொழுப்பில் கொஞ்சம் அதில் சேர்ப்பார்கள். பச்சை மிளகாய் நிறைய உண்டு. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் உலர்த்திய இறைச்சியும் விசேஷமான உணவு.

ஒரு பிடி அரிசி

உலையில் அரிசி போடுவதற்கு முன்பு மனைவி ஒரு காரியம் செய்கிறாள். அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளுகிறாள். பக்கத்தில் உள்ள ஒரு டப்பாவில் போடுகிறாள். பிறகுதான் மீதி அரிசி உலைக்குப் போகிறது. மாலையிலும் அப்படியே. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிடி. ஒரு நாளும் தவறுவது இல்லை.

இதற்கு 'பூஃபாய் தாம்' என்று பெயர். நம் மொழியில் சொன்னால் பிடி அரிசி! தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கும் தெரிந்த வழக்கம்தான்.

மிசோரத்தில் இது 1910-ம் ஆண்டில் தொடங்கியது. அந்தக் காலத்தில் மக்கள் கையில் காசு கிடையாது. மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்து, நெல் விதைத்துப் பிழைத்தார்கள். 'காணிக்கை போடப் பணம் இல்லை. ஆனால் தினமும் சோறு ஆக்குகிறோமே! அதில் ஒரு பிடி கொடுத்தால் என்ன?' இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் பிடி அரிசி.

சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து டப்பாக்களில் உள்ள அரிசியைச் சேகரிப்பார்கள். மொத்தமாகச் சேர்ந்த அரிசியை விற்பார்கள். அந்தப் பணம் ஆலயப் பணிகளுக்கும், வெளி ஊர்களுக்கு ஊழியர்களை அனுப்பவும் செலவாகும். ஒரு பிடி, ஒரு பிடியாகச் சேர்ந்த அரிசியின் மதிப்பு இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய்!

ஒரு பிடி குறைந்ததால் அந்த வீட்டில் யாரும் பட்டினி கிடப்பது இல்லை. ஆனால் தினமும் இரண்டு முறை, 'நம் வீட்டுக்கு வெளியிலும் ஆட்கள் இருக்கிறார்கள்' என்ற நினைவு அந்த இளம் மனைவிக்கு வருகிறது. பிடி அரிசியின் பெரிய பயன் அதுதான்.

சீதனத்தில் ஒரு கறுப்புத் துணி

இவர்களுடைய கல்யாணம் எப்படி நடந்தது?

பெண் கேட்க மாப்பிள்ளையின் பெற்றோர் நேரில் போவது இல்லை. 'பலாய்' என்ற தூதர்களை அனுப்புவார்கள். வரதட்சணை என்ற பேச்சே கிடையாது. பணம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு! அது பெரிய தொகை அல்ல. வழக்கத்துக்காகக் கொடுப்பது. அந்தப் பணமும் பெண்ணின் தகப்பனாரிடமே தங்கிவிடாது. உறவினர்களுக்குப் பங்கு போகும். தாய்மாமனுக்கு ஒரு பங்கு உண்டு. 'பலால்' என்பவருக்கும் ஒரு பங்கு உண்டு.

பலால் யார்? பெண்ணுக்கு இன்னொரு தகப்பன் மாதிரி. அவளுக்குப் புகுந்த வீட்டில் ஒரு துன்பம் என்றால், ஓடி வந்து கேட்க வேண்டியவர் அவர். பங்கு வாங்கியதால் பொறுப்பும் வாங்கினார் என்று அர்த்தம்.

கல்யாணம் ஆலயத்தில் நடக்கும். பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது தறியில் நெய்த 'புவான்' துணிகளைக் கொண்டுபோவாள். புவான் என்பது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி. அவற்றில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதற்குப் 'புவான்தும்' என்று பெயர். கறுப்புத் துணி. அதில் வண்ணக் கோடுகள். 2019-ம் ஆண்டில் இந்தத் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தத் துணி எதற்குத் தெரியுமா? கணவன் இறந்துபோனால் அவன் உடலைப் போர்த்துவதற்கு!

கல்யாண நாளில் இப்படி ஒரு துணியா என்று நமக்கு நெஞ்சு பதறுகிறது. மிசோ மக்கள் அதை அபசகுனமாக நினைப்பது இல்லை. 'கடைசி வரைக்கும் உன்னோடு இருப்பேன்' என்று மணப்பெண் வாயால் சொல்வதைத் துணியாலும் சொல்கிறாள். அவ்வளவுதான்.

ஹாரன் ஒலிக்காத நகரம்

சாப்பிட்டு முடித்ததும் குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, இருவரும் வேலைக்குப் புறப்படுகிறார்கள்.

மலையை வெட்டிப் போட்ட குறுகிய பாதைகள். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் சத்தம் இல்லை! ஹாரன் அடிப்பவர் இல்லை. கார்கள் ஒரு வரிசை. இரு சக்கர வண்டிகள் ஒரு வரிசை. எதிர்ப்பக்கம் காலியாக இருந்தாலும் அதில் புகுந்து முந்துபவர் அபூர்வம். ஊர்தி நின்றால் எல்லாரும் நிற்கிறார்கள். நகர்ந்தால் எல்லாரும் நகர்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் அதிசயப்படுவது இதைப் பார்த்துத்தான்.

இந்தப் பழக்கம் போலீசாருக்குப் பயந்து வந்தது அல்ல. மிசோ மொழியில் ஒரு சொல் இருக்கிறது. 'த்லாம்ங்கைனா'. நம் வாயில் நுழைவது கடினம். பொருள் எளிது. 'தன் சுகத்தைப் பின்னுக்குத் தள்ளி, பிறருக்கு முதலில் உதவு' என்பதுதான் அது. கிறிஸ்தவ மதம் வருவதற்கு முன்பே மிசோ மக்களிடம் இருந்த நெறி. பின்னர் வந்த மதமும் அதையே போதித்ததால், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

படகில் வந்த இருவர்

மதம் எப்படி வந்தது? அது ஒரு தனிக் கதை.

1894-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி. த்லாங் ஆற்றில் படகில் வந்த இரண்டு ஆங்கிலேயப் பாதிரிமார் சாய்ராங் என்ற இடத்தில் இறங்கினார்கள். ஒருவர் பெயர் லோரைன். மற்றவர் பெயர் சாவிஜ். அப்போது மிசோ மொழிக்கு எழுத்து கிடையாது. மக்கள் பேசுவதைக் காதால் கேட்டு, ரோமன் எழுத்துக்களைக் கொண்டு அந்த இருவரும் அரிச்சுவடி அமைத்தார்கள். இன்றும் மிசோ மொழி அந்த எழுத்தில்தான் எழுதப்படுகிறது. அவர்கள் வந்த ஜனவரி 11-ந் தேதி மிசோரத்தில் விடுமுறை நாள்.

அவர்களுக்குப் பின்னர் வேல்ஸ் நாட்டுப் பாதிரிமார் வந்தார்கள். ஆலயம் எழும்பிய இடத்தில் பள்ளிக்கூடமும் எழும்பியது. எழுத்தே இல்லாத மக்கள் படிப்பில் முந்தினார்கள். 2011-ம் ஆண்டுக் கணக்கில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 91 பேர். 2025-ம் ஆண்டு மே மாதம் மிசோரம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது.

சனிக்கிழமை உல்லாசம்

சனிக்கிழமை வந்துவிட்டால் இளம் தம்பதிகளுக்குக் குதூகலம்! ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு உரிய நாள். அன்று ஊர் சுற்ற மாட்டார்கள். ஆகையால் உல்லாசப் பயணத்துக்குச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

விடியும்போதே சோறு கட்டிக்கொள்கிறார்கள். குழந்தையைப் புவான் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்கள். மலை நாட்டில் தொட்டில் வண்டி உருளாது. முதுகுதான் வண்டி! கொஞ்ச தூரம் தாய் சுமப்பாள். கொஞ்ச தூரம் தகப்பன் சுமப்பான்.

ஐஸ்வாலுக்கு மேற்கே சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் 'ரெய்யேக்' என்ற மலை இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 5,000 அடி. பாதை முதலில் வளைந்து வளைந்து த்லாங் ஆறு வரை இறங்குகிறது. பாலத்தைக் கடந்ததும் மறுபடியும் ஏறுகிறது.

பனிக்காலத்துக் காலையில் அந்தப் பாதையில் போனால் ஒரு காட்சி. பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மேகம் நிரம்பிக் கிடக்கும். கடல் போலத் தெரியும். சிகரங்கள் மட்டும் தீவுகள் மாதிரி அங்கங்கே தலை நீட்டும். வெயில் ஏற ஏற அந்தக் கடல் கலைந்து, கீழே ஆறும் ஊரும் தெரியும்.

மலையடிவாரத்தில் பழைய காலத்து மிசோ கிராமம் ஒன்றை மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊர்த் தலைவன் வீடு, விதவையின் வீடு, வாலிபர்கள் சேர்ந்து படுத்து உறங்கிய 'சோல்புக்' என்ற மண்டபம் எல்லாம் உண்டு. கல்யாணம் ஆகாத வாலிபர்கள் இரவில் வீட்டில் படுக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. மண்டபத்தில் கூடிப் படுப்பார்கள். எதிரி வந்தாலும், தீப்பிடித்தாலும், காட்டில் ஒருவன் வழி தவறினாலும் முதலில் ஓடுவது அவர்கள்தான்.

கிராமத்தைத் தாண்டிக் காட்டு வழியே மேலே ஏற வேண்டும். நிழலான பாதை. பறவைகளின் குரல். மேலே போனதும் மரங்கள் மறைந்து, உயர்ந்த புல்வெளி வரும். அதன் விளிம்பில் செங்குத்தான பாறை. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேற்கே பங்களாதேஷ் சமவெளி தெரியும்.

கட்டிக்கொண்டு போன சோற்றை அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பொட்டலம் பிரிப்பதற்கு முன்பு ஒரு சிறு ஜெபம். பிறகு அரட்டை, சிரிப்பு, பாட்டு. கூட வந்த நண்பர்களில் யாராவது ஒருவரிடம் கிட்டார் வாத்தியம் இருக்கும். மிசோ இளைஞர்கள் கூடிய இடத்தில் பாட்டு இல்லாமல் இருக்காது.

பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். சனிக்கிழமை இரவும் ஆலயத்தில் கூட்டம் உண்டு!

ஒரு கடுகுச் செடியின் கதை

இன்னொரு சனிக்கிழமை கிழக்குப் பக்கம் புறப்படுகிறார்கள். சைதுவல் என்ற ஊருக்கு அருகில் ஓர் ஏரி. பெயர் 'தாம்தில்'. கடுகுச் செடி ஏரி என்று அர்த்தம்.

போகும் வழியில் சேலிங் என்ற ஊர்ப்பக்கம் சாலையோரத்தில் மூங்கில் கடைகள் இருக்கின்றன. காய், கனி, கிழங்கு எல்லாம் அடுக்கியிருக்கும். விலை எழுதியிருக்கும். பணம் போட ஒரு பாத்திரம் இருக்கும். கடைக்காரர் மட்டும் இருக்க மாட்டார்! அவர் மலைச்சரிவில் தன் கொல்லையில் வேலை செய்துகொண்டிருப்பார். வேண்டியதை எடுத்துக்கொண்டு, பணத்தைப் பாத்திரத்தில் போட வேண்டியது. சில்லறை பாக்கி இருந்தால் அதிலிருந்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஏரிக்கரையில் உட்கார்ந்ததும் மனைவி அந்த ஊர்க் கதையைச் சொல்கிறாள். சின்ன வயதில் பாட்டி சொன்ன கதை.

முன்னொரு காலத்தில் அங்கே ஒரு கணவனும் மனைவியும் கொல்லை போட்டுப் பிழைத்தார்கள். கணவன் இறந்துபோனான். விதவை தன்னந்தனியாகப் பாடுபட்டாள். அவள் கொல்லையில் ஒரு கடுகுச் செடி மட்டும் மற்றச் செடிகளை எல்லாம் மிஞ்சி வளர்ந்தது. கனவில் கணவன் தோன்றி, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றான். அவளும் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். சில காலம் கழித்து அவள் மறுமணம் செய்துகொண்டாள். புதுக் கணவனுக்கு அந்தச் செடியைக் கண்டு பொறாமை! ஒரு நாள் அதை வேரோடு பிடுங்கி எறிந்தான். பிடுங்கிய குழியிலிருந்து தண்ணீர் பீறிட்டது. பெருகிப் பெருகி ஏரி ஆனது.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை ஐஸ்வால் நகரமே அடங்கிவிடும். கடைகள் மூடியிருக்கும். சாலையில் வண்டிகள் குறைவு. பெண்கள் அழகிய புவான் உடுத்தி, ஆண்கள் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து, குடும்பம் குடும்பமாக ஆலயத்துக்கு நடப்பார்கள். காலையில் வேத பாட வகுப்பு. அது குழந்தைகளுக்கு மட்டும் அல்ல. தாத்தா, பாட்டிக்கும் வகுப்பு உண்டு! பகலில் ஒரு கூட்டம். இரவில் ஒரு கூட்டம்.

பாட்டுத்தான் அங்கே பெரிய விசேஷம். வேல்ஸ் நாட்டுப் பாதிரிமார் சொல்லிக்கொடுத்த 'தோ, ரே, மி' முறையில் நான்கு குரல்களில் பாடுகிறார்கள். அதோடு தங்கள் சொந்தப் பாணியிலும் பாடுகிறார்கள். அதற்குத் தாளம் 'குவாங்' என்னும் மத்தளம். ஆரம்பத்தில் ஆலயத்துக்குள் மத்தளத்துக்கு இடம் இருக்கவில்லை. 1919-ம் ஆண்டை ஒட்டிய எழுப்புதல் காலத்தில் அது உள்ளே வந்தது. இன்று மத்தளம் இல்லாத மிசோ ஆலயத்தை நினைக்க முடியாது.

கூப்பிட்டால் ஓட வேண்டும்

இவ்வளவு கூட்டங்களா என்று தோன்றலாம். வார நாட்களிலும் இளைஞர் கூட்டம், பெண்கள் கூட்டம் என்று இரவுகள் போய்விடும். களைத்து வந்த கணவனும் மனைவியும் இருவர் மட்டும் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது அரிது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் வரவில்லை என்பதும் தெரியும்! இது ஒரு சுமைதான்.

ஆனால் அந்தச் சுமைக்கு மறுபக்கமும் உண்டு.

1935-ம் ஆண்டில் தொடங்கிய 'இளம் மிசோ சங்கம்' தெருவுக்குத் தெரு கிளை வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் சாவு நடந்தால் உடனே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். வாலிபர்கள் மண்வெட்டியோடு ஓடுவார்கள். குழி தோண்டுவது அவர்கள். கூலி கிடையாது. இரவில் துக்க வீட்டில் கூடிப் பாடி, வீட்டாருக்குத் துணையாக இருப்பார்கள். துக்கப்படுகிறவர்களைத் தனியே விடக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. பழைய சோல்புக் மண்டபத்து வாலிபர்கள் செய்த வேலையைத்தான் இன்று இவர்கள் செய்கிறார்கள்.

மலையில் ஆபத்துக்கும் குறைவு இல்லை. 2024-ம் ஆண்டு மே 28-ந் தேதி புயல் மழையில் ஐஸ்வாலின் ஓரத்தில் இருந்த ஒரு கல்குவாரி சரிந்தது. வீடுகள் புதைந்தன. பலர் மாண்டார்கள். கொட்டும் மழையில் மீட்பு வேலைக்குப் போனவர்களில் அந்தச் சங்கத்து வாலிபர்களும் இருந்தார்கள். நாளைக்கு நம் வீடு சரிந்தால் நம்மைத் தோண்டி எடுக்கப்போவது பக்கத்து வீட்டுக்காரன்தான். இது மலையில் குடியிருக்கும் ஒவ்வொரு தம்பதிக்கும் தெரியும்.

ஒரு சொல்லில் முடிந்த காலம்

இத்தனை துணை இருந்தும், பெண்ணுக்கு ஒரு குறை நீண்ட காலம் இருந்தது.

பழைய வழக்கப்படி கணவன் 'கா மா சே' என்று சொன்னால் போதும். உன்னை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். அத்தோடு கல்யாணம் முறிந்தது! மனைவி, தான் கொண்டுவந்த பொருள்களை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருவரும் சேர்ந்து பாடுபட்டுக் கட்டிய வீட்டில் அவளுக்குப் பங்கு இல்லை. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை ஆராய்ந்தவர்கள், நாட்டிலேயே மணமுறிவு விகிதம் அதிகமாக உள்ள மாநிலம் மிசோரம் என்று கண்டார்கள்.

ஆலயத்தின் பணிகளுக்கு ஒரு பிடி, ஒரு பிடியாக அரிசி சேர்த்தது யார்? பெண். ஆனால் அவள் உழைப்புக்கு வீட்டில் கணக்கு இல்லை. இது நியாயமா என்று மிசோ பெண்கள் கேட்டார்கள். பல ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள்.

2014-ம் ஆண்டில் பலன் கிடைத்தது. மிசோ திருமணம், மணமுறிவு, சொத்துரிமை பற்றிய புதிய சட்டம் வந்தது. ஒரு சொல்லால் மனைவியை விரட்டும் வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. மணமுறிவு நேர்ந்தால், சேர்ந்து சம்பாதித்த சொத்தில் பாதி வரை மனைவிக்குப் பங்கு கிடைக்கவும் வழி செய்தது.

இன்றைய இளம் ஆசிரியை, தன் தாய்க்கு இல்லாத ஒரு பாதுகாப்போடு குடித்தனம் நடத்துகிறாள். கணவன் மீது சந்தேகம் இருந்தால்தான் சட்டம் வேண்டும் என்பது இல்லை. நல்ல கணவனின் வீட்டிலும் மனைவியின் உழைப்புக்குக் கணக்கு இருப்பது நல்லது.

ரெயில் வந்தது

இந்தத் தம்பதியின் தாத்தா, பாட்டி பட்ட பாடு வேறு. 1959-ம் ஆண்டு மூங்கில் காடுகள் பூத்தன. பூத்தால் ஆபத்து! விதைகளைத் தின்று எலிகள் பெருகின. அவை வயலுக்குள் புகுந்து நெல்லை அழித்தன. பஞ்சம் வந்தது. அதையொட்டி எழுந்த மனக்கசப்பு 1966-ம் ஆண்டில் ஆயுதப் போராட்டமாக வெடித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1986-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டில் மிசோரம் தனி மாநிலம் ஆனது. அன்று முதல் நிலவும் அமைதியில்தான் இன்றைய சனிக்கிழமை உல்லாசங்கள் நடக்கின்றன.

இப்போது இன்னொரு மாறுதல். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி, சாய்ராங் வரை ரெயில் பாதை திறக்கப்பட்டது. 51 கிலோ மீட்டர் பாதை. நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். ஒரு பாலத்தின் உயரம் 374 அடி. அது குதுப்மினாரையும் மிஞ்சுகிறது! 1894-ம் ஆண்டில் இரண்டு பாதிரிமார் படகிலிருந்து இறங்கிய அதே சாய்ராங்கில், இப்போது டில்லி ரெயில் வந்து நிற்கிறது.

ரெயில் அரிசியையும் சிமெண்டையும் கொண்டுவரும். வாலிபர்களை வெளியூருக்குக் கொண்டும் போகும். படித்தவர்களுக்கு எல்லாம் மலையில் வேலை இல்லை. நம் குமாஸ்தாவின் தம்பி, தங்கை வயதுள்ளவர்கள் டில்லிக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே சோற்றைக் கடையில் வாங்கித் தின்பவன் பிடி அரிசி எடுப்பானா? பக்கத்து வீட்டில் சாவு என்றால் மண்வெட்டி எடுத்து ஓடுவானா? பெரியவர்களுக்கு இந்தக் கவலை இருக்கிறது.

கவலை நியாயமானதே. ஆனால் பிடி அரிசி வசதியான காலத்தில் தோன்றியது அல்ல. கையில் ஒன்றும் இல்லாத காலத்தில் தோன்றியது. சட்டமும் தானாக வந்தது அல்ல. கேட்டுக் கேட்டு வாங்கியது. மலைக்கு ஏற்றபடி வீடு கட்டத் தெரிந்தவர்களுக்குக் காலத்துக்கு ஏற்றபடி வாழவும் தெரியும்.

இருவர் சேர்ந்தால் கல்யாணம். ஆனால் இருவர் மட்டும் சேர்ந்து குடித்தனம் நடத்திவிட முடியாது. தாய்மாமன் வேண்டும், பலால் வேண்டும், மண்வெட்டியோடு ஓடி வரும் வாலிபர்கள் வேண்டும், நியாயமான சட்டம் வேண்டும். மலைநாட்டுத் தம்பதிகள் இதை அறிந்திருக்கிறார்கள். சமவெளியில் வாழ்கிறவர்களுக்கும் அது பொருந்தும்.